அண்ணி எழுதாத இரண்டு சொற்கள்

'தெரியாது' என்று சொல்ல என் அண்ணிக்கு வாய் வராது. தெருவில் யாராவது வழி கேட்டால், தான் அந்தப் பக்கமே போனதில்லை என்றாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அதைக் கேட்டுப் போனவர் எங்கே போய்ச் சேர்ந்தாரோ, அது அவர் பாடு.

நான் அவருக்கு நாத்தனார். கீழ் வீட்டில் அவரும் என் அண்ணனும், மாடியில் நானும் என் தையல் மெஷினும். அண்ணியைப் பற்றி நாத்தனார் சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பார்கள். தள்ளிக்கொள்ளுங்கள், மீதிப் பாதியே போதும்.

அண்ணிக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி அது. சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே சொல், நடுவில் பொருள், அடியில் அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று ஒரு வரி. அந்த அடி வரிதான் அண்ணியின் பொறுப்பு. எவ்வளவு தேடியும் ஊர் பேர் கிடைக்காத சொல்லுக்கு 'பிறப்பு தெரியவில்லை' என்று எழுதிவிடுவது அகராதிக்காரர்களின் வழக்கம். அண்ணியின் மேசையிலிருந்து அப்படி ஓர் அட்டை போனதே இல்லை. "சோம்பேறிங்க எழுதுற வரி அது. தேடினா கிடைக்காதது எது?" என்பார். அவருக்குப் பயந்து, அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அநாதைச் சொற்களுக்கெல்லாம் எங்கிருந்தாவது ஒரு கிரேக்கத் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு வருவார்களாம். அண்ணி பெருமையாகச் சொல்வார், எனக்கு அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நெடுக ஏறிப்போகும் இரும்பு ஏணி, அதன் உச்சியில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து வீடு அளவுப் பெட்டிகளைத் தூக்கி லாரியின் மேல் வைக்க வேண்டும். அண்ணன் வைத்தால் லாரி டிரைவருக்கு அசைவே தெரியாது என்று துறைமுகத்தில் பேர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலை பாதி ஏணி ஏறியவர் இறங்கி வந்து கீழே உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி என்றார். சூப்பர்வைசர் அவருக்குப் பழைய நண்பர். முட்டி சரியாகும் வரை இரு என்று வாசல் கேட்டில் லாரி பாஸ் பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

அதன்பிறகு அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார். சவரம் நின்றது. வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல". என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கிண்டலும் நின்றுபோனது. டாக்டரிடம் போகலாம் என்று நானும் அண்ணியும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். "போய் என்னன்னு சொல்றது? கை ஒடிஞ்சிருக்கா, கால் ஒடிஞ்சிருக்கா?" என்று சுவருக்குப் பதில் சொல்வார்.

அந்த நேரத்தில்தான் அகராதியை மெலிய வைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் முடிவானது. வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களை அலசி, எது இருக்கலாம், எது போகலாம் என்று சொல்ல வேண்டும். அண்ணியின் பங்குக்கு வந்த அட்டைக் கட்டு முழுக்க மனம் தொய்வதைச் சொல்லும் சொற்கள். வேறு யாராவது இருந்தால் கலங்கியிருப்பார்கள். "எனக்குன்னே வந்திருக்கு, ஒரு கை பார்க்கறேன்" என்றார் அண்ணி.

சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு சொல்லை இலவசமாகப் பரிமாறத் தொடங்கினார். டிஸ்மல். பழைய லத்தீனில் கெட்ட நாட்கள் என்று பொருள். அக்காலத்து நாட்காட்டிகளில் மாதம் இரண்டு நாளை ஆகாத நாள் என்று குறித்து வைப்பார்களாம். நாளுக்கு இருந்த பேர், பிறகு அந்த நாளில் இருப்பது போன்ற மனசுக்கும் வந்துவிட்டது. "எனக்கு மாசம் பூரா அதான்" என்றார் அண்ணன். பல நாட்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்து அக்சிடி. பாலைவனத்தில் தனித்தனி அறையில் தவம் செய்த துறவிகளுக்கு உச்சி வெயிலில் வரும் வெறுமை. ஜபம் கசக்கும், சூரியன் நகர்ந்ததா என்று எட்டி எட்டிப் பார்க்கத் தோன்றும். எதிலும் அக்கறை இல்லாமை என்பது அதன் கிரேக்க வேர். பிறகு ஹிப். விலா எலும்புக்குக் கீழேதான் துக்கம் குடியிருக்கிறது என்று நம்பிய வைத்தியர்கள் அந்த இடத்துக்கு வைத்திருந்த நீளமான பேரை நாகரிகச் சீமான்கள் வெட்டிச் சுருக்கியது. வயிற்று வலிக்கும் மனசு வலிக்கும் பொதுவாக முல்லிகிரப்ஸ். நம்பிக்கை என்ற சொல்லின் முன்னால் இல்லை என்பதை ஒட்டவைத்த வான்ஹோப். ஆங்கிலேயர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம், டச்சுக்காரர்களிடம் அதன் உடன்பிறப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது.

அண்ணனுக்கு அந்தச் சொற்கள் பிடித்துப்போயின. செத்துப்போன சொற்கள் என்பதால் கூச்சம் இல்லை போலும். "இன்னைக்கு என்னங்க?" என்று அண்ணி கேட்டால், 'ஒண்ணுமில்ல' போய், "ஹிப்" என்பார். மோசமான நாளில் "வான்ஹோப்". வானிலை அறிக்கை மாதிரி ஒன்று வீட்டுக்குள் வர ஆரம்பித்தது.

அதில் அண்ணிக்குத் தெம்பு தலைக்கேறியது. "பாத்தியா? எல்லாத்துக்கும் ஒரு பிறப்பு இருக்கு. உங்க அண்ணனுக்கு அந்த கேட்தான். மேலே ராஜா மாதிரி இருந்த மனுஷனைக் கீழே உக்கார வெச்சா என்ன ஆகும்?" என்றார். நானும் சரியென்று தலையாட்டினேன். யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? அலுவலகத்துக்கு லீவு போட்டுத் துறைமுகத்துக்குப் போனார். சூப்பர்வைசர் அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை. கிரேன் திரும்பக் கிடைத்தது. செய்தியைக் கேட்ட அண்ணன் "சரி" என்றார். அதைச் சந்தோஷம் என்று நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் மத்தியானம் சூப்பர்வைசரே அண்ணனைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் சட்டையிலும் வேர்வை.

"ஏறினான். ஒரு பெட்டியைத் தூக்கினான். அது அப்படியே அந்தரத்துல நிக்குது. வயர்லெஸ்ல கூப்பிட்டா பதில் இல்ல. கீழ இருந்த ஆளையெல்லாம் விரட்டிட்டு நானே மேல போனேன். லீவர்ல கைய வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கான். 'இறக்கத் தெரியும்டா, கை வரல'ங்கறான்" என்றார். பெட்டியைத் தானே இறக்கிவிட்டு, ஏணியில் தான் ஒரு படி கீழே நின்று, அண்ணனின் காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கியிருக்கிறார். யாருக்கும் அடி இல்லை. போகும்போது, "இனிமே டாக்டர் சொல்லாம நான் ஏத்த மாட்டேம்மா" என்றார்.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் மட்டும் ஓடியது. "உயரமா? காத்தா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? என்னதாங்க ஆச்சு?" அண்ணன் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு வானிலை அறிக்கையும் இல்லை. இவர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று முதல் முறையாக நினைத்தேன்.

வெயில் தாழ்ந்தபோது நான் டீ எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் அட்டை.

"ஒரு சொல் மிச்சம் இருக்குங்க. மப்பிள்ஃபப்பிள்ஸ். இதுவும் மனசு தொய்ஞ்சு கிடக்கறதுதான்."

இவ்வளவு நடந்த பிறகும் இந்த அம்மாளுக்கு அட்டைதான் முக்கியமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கத்திலிருந்து அண்ணனின் குரல், பழக்க தோஷத்தில், "அது எங்கேருந்து வந்துது?" என்றது.

அண்ணி வாயைத் திறந்தார். எனக்கு அந்த முகம் தெரியும். தெருவில் கையை நீட்டி வழி காட்டப்போகிற முகம். ஆனால் வாய் திரும்ப மூடிக்கொண்டது.

"தெரியலைங்க" என்றார்.

டீ தம்ளரைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மெதுவாகப் புரண்டு அவரைப் பார்த்தார்.

"உனக்கா தெரியல?"

"எல்லாப் புத்தகமும் பாத்துட்டேன். நானூறு வருஷத்துக்கு முன்னாடி திடீர்னு வருது. கொஞ்ச காலம் இருக்குது. யார் வீட்டுப் பிள்ளைன்னு யாருக்கும் தெரியல. நானா ஏதாவது எழுதினா அது பொய்."

அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்தார். அடி வரி வெறுமையாக இருந்தது.

"எனக்கும் இப்படித்தாம்மா" என்றார். "கேட்ல போட்டதால இல்ல. அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அன்னைக்குப் பாதி ஏணியில முட்டி வலிக்கல. எதுக்கு ஏறணும்னே தெரியல, அவ்வளவுதான். நீ காரணம் கேக்கக் கேக்க, ஏதோ ஒண்ணு இருக்கணும்போலன்னு நானும் தேடினேன். கிரேன்னு சொன்னே. சரி, அதுவா இருக்கட்டும்னு ஏறிட்டேன். காரணமே சொல்லத் தெரியாதவன் டாக்டர்கிட்ட போய் என்னன்னு சொல்வேன்?"

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "உங்களுக்குத் தப்பா அட்டை எழுதிட்டேங்க. மேலேருந்து விழுந்திருந்தா..." என்றார். அண்ணன் அவர் தலையில் கை வைத்தார். டீ ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை.

பிறகு பேனாவை எடுத்து அட்டையின் அடியில் அந்த இரண்டு சொற்களை எழுதினார் அண்ணி. மப்பிள்ஃபப்பிள்ஸ் அகராதியில் இருக்கட்டும் என்றும் எழுதினார். அதைப் படித்த அவருடைய ஆட்களுக்கு, மேலதிகாரிக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகமே வந்துவிட்டதாம்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். "இது எதனால ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

"பிறப்பு தெரியவில்லை" என்றார் அண்ணன், அட்டையில் இருப்பது போலவே.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லைங்க. அது தெரியாமலே வைத்தியம் பண்ணலாம்" என்றார். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே வந்ததிலிருந்து நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

மருந்து நடக்கிறது. கிரேன் ஏற டாக்டர் இன்னும் விடவில்லை. சில நாள் வான்ஹோப், பல நாள் வெறும் ஹிப். நான் தைத்த ரவிக்கையில் இரண்டு கைகளும் இடது கை என்று போன வாரம் கிண்டல் செய்தார். நான் சண்டை போடாமல் சிரித்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் வாசலில் ஒருவர் வந்து ஏதோ ஒரு தெருவின் பேரைச் சொல்லி அண்ணியிடம் வழி கேட்டார். அண்ணியின் கை பாதி தூரம் எழும்பிவிட்டுக் கீழே இறங்கியது.

"தெரியாதுங்க" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அந்த மனிதரோடு தெருமுனை வரை நடந்து போனார்.