காட்டுக்காகப் பேசிய இரண்டு அடுப்புகள்

காட்டைப் பற்றி முதலில் வாயைத் திறந்தது அந்த வீட்டு மருமகள்களில் மூத்தவள்தான். தையல் மெஷின் ஜன்னலோரம் கிடந்ததால், தெருக்கோடியில் தொடங்கும் காடு நாள் முழுக்க அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். அரசாங்கம் வெளியிட்ட நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்தக் காட்டுக்கு வீட்டுமனைக்கான மஞ்சளைத் தீட்டியிருந்தார்கள். துணி தைக்க வந்தவர்களை எல்லாம் பிடித்து வைத்து, அதை மாற்றச் சொல்லும் மனுவில் கையெழுத்து வாங்கினாள்.

பேர் வாங்கியது இளையவள்.

கொழுந்தன் பெண்டாட்டி, மருந்துக்கடையில் வேலை. திட்ட அலுவலகத்துக்கு ஒருநாள் துணைக்கு வந்தவள், அங்கே நாலு வார்த்தை நறுக்கென்று பேசிவிட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கு அவள்தான் ‘காட்டக்கா’. மூத்தவள், காட்டக்காவின் ஓரகத்தி.

“எனக்கென்ன பொறாமையா?” என்று கணவரிடம் கேட்டாள்.

“நான் ஒண்ணுமே சொல்லலியே.”

“உங்க மூஞ்சி சொல்லுது.”

அந்த வாரமே குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று சாக்குச் சொல்லி, கூடத்தின் நடுவே பீரோவை இழுத்துப் போட்டுத் தனியடுப்பு வைத்துவிட்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. அன்றோடு சரி, பிறகு வரைபடம் முடிவாகிவிடும். மூத்தவள் துணி தைத்தபடியே பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அரங்கு நிரம்பி வழிந்ததும் அதிகாரி மைக்கைத் தட்டினார்.

“வீட்டுக்கு ஒருத்தர்தான் பேசலாம்.”

குமாஸ்தா இருவரையும் பார்த்தார். “உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கதவு எண்ணும்மா.”

கூட்டம் மொத்தமும் இளையவள் பக்கம் திரும்பியது. அவளோ, “அக்கா, நீங்களே பேசுங்க,” என்றாள்.

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுக்கொடுத்த பேரையும் இவளே தட்டிக்கொண்டு போவதா?

“ஒரே வீடு இல்ல சார். எங்களுக்கு அடுப்பு ரெண்டு.”

“எப்பலேருந்தும்மா?”

“இவ பேர் வாங்க ஆரம்பிச்சதுலேருந்து.”

அரங்கம் சிரித்து ஓய நேரமாயிற்று. “சரி, அடுப்புக்கு ஒருத்தரா பேசுங்க,” என்றார் அதிகாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இளையவள் முதலில் பேசினாள். மரத்தை வெட்டினால் மேட்டுத் தண்ணீர் எந்தெந்தத் தெருவில் புகும், எந்தக் கிணறு முதலில் வற்றும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். மூத்தவள் மனப்பாடம் செய்திருந்த அத்தனையும் அதிலேயே முடிந்துபோனது. மைக் கைக்கு வந்தபோது அவளிடம் மிச்சம் எதுவுமில்லை.

“இவ சொன்னதெல்லாம் சரிதான் சார். எனக்குப் பிடிக்கல, ஆனா சரி. அந்த மஞ்சளைப் பச்சையாக்குங்க.”

இறுதி வரைபடத்தில் காடு பச்சையாகத்தான் வந்தது. செய்தித்தாள் படத்தில் இளையவள் முழு முகமாகச் சிரித்தாள். ஓரத்தில் மூத்தவளின் முழங்கை.

இளையவள் பேப்பரோடு பீரோவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “அக்கா, இப்பவாவது அடுப்பை ஒண்ணாக்கிடலாமா?”

மூத்தவள் பேப்பரில் இருந்த தன் முழங்கையை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

“அஞ்சு வருஷம் கழிச்சுத் திட்டத்தை மறுபடி எடுப்பாங்களாம். அதுவரைக்கும் ரெண்டாவே இருக்கட்டும். அடுத்த தடவை நான்தான் முதல்ல பேசுவேன்.”