பாலாற்றில் வரைந்த நீர்நாய்

ஆரணியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆறுகளில் எந்த உயிர் எதைத் தின்கிறது என்று ஒப்பிடும் ஆராய்ச்சி ஒன்றில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் பாலாறு. தலைமை, சென்னைப் பேராசிரியர் ஒருவர். ஆற்றைப் பற்றி இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார். ஆற்றுத் தண்ணீரில் அவர் கால் நனைத்து நான் பார்த்ததில்லை.

காவிரி வேலையை அவருடைய மாணவர்கள் முடித்திருந்தார்கள். பாலாறு என் தலையில் விழுந்தது. விடுமுறை நாளெல்லாம் நான் குடியிருக்கும் சேவூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வெம்பாக்கத்தைத் தாண்டி ஆற்றுக்குப் போவேன். அங்கே வலை போடும் அக்கா ஒருவர் மீன் பிடித்துத் தருவார். அதன் குடலைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை.

காவிரி மீன்களின் வயிற்றில் பாசியும் நீர்ப்பூச்சிகளின் புழுக்களும் இருந்ததாக எழுதியிருந்தார்கள். எது எதைத் தின்கிறது என்று அவர்கள் வரைந்த உணவு வலைப் படத்தின் உச்சியில், மீன் தின்னும் நீர்நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. இங்கேயும் வெள்ளம் ஓடிய வாரங்களில் மீன் வயிற்றில் ஏறக்குறைய அதுவேதான். தண்ணீர் வற்றிக் குட்டை குட்டையாக நின்றதும் எல்லாம் தலைகீழானது. கெண்டையின் வயிற்றில் எறும்பு, வெட்டுக்கிளிக் கால், மக்கிய இலை. குரவை மீனின் வயிற்றில் குரவைக் குஞ்சு. குட்டை சுண்டியதும் கொக்குகள் வந்து மிச்சத்தை முடித்தன. ஒரே ஆற்றில் ஒரே வருடத்தில் மூன்று விதமான உணவு வலைகள். எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். எழுதி அனுப்பினேன்.

பேராசிரியர் போனில் சிரித்தார். "என்னம்மா, எறும்பையெல்லாம் ஆத்துல கொண்டாந்து விட்டுட்டீங்க? குட்டையை யாராவது ஆறுன்னு சொல்லுவாங்களா? படத்தை நானே போட்டுக்கறேன்."

போட்டார். காவிரிப் படத்தையே எடுத்து, இரண்டு மீன்களின் பெயரை மாற்றி, மேலே பாலாறு என்று எழுதிவிட்டார். உச்சியில் அந்த நீர்நாயும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

பிறகு புகைப்படம் எடுப்பதற்காக ஒருநாள் வந்து இறங்கினார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கடை வாசனை போகாதது. ஈரமில்லாத மணலில் நின்றுகொண்டு அக்காவிடம் படத்தைக் காட்டினார்.

"இன்னா சார் இது, நீர்நாய் போட்டுகினு கீறீங்க? எங்க பாத்தீங்க?"

"இருக்கும்மா. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

பிறந்ததிலிருந்து அந்த ஆற்றோடு கிடப்பவரிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல்! என் துணிச்சலும் பெரிதில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், வயித்தைக் கிழிச்சிப் பாத்தது நீங்கதானே? சொல்லுங்க."

"இங்க நீர்நாய் இல்ல சார்," என்றேன். "இந்தப் படம் போகுதுன்னா என் பேரை எடுத்துடுங்க."

"பேரு வர்றதே பெரிய விஷயம். யோசிச்சிக்கோங்க."

"யோசிச்சிட்டேன்."

காரில் ஏறிப் போய்விட்டார். கட்டுரை என் பெயர் இல்லாமல், நீர்நாயோடு வெளிவந்தது. எங்கள் கல்லூரி அவரை அழைத்துப் பாராட்டு விழா வேறு நடத்தியது. பட்டுச் சால்வையை நான்தான் போர்த்த வேண்டுமாம். துறைத்தலைவர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் கிளம்பினேன். குட்டைகள் சுண்டிக்கொண்டிருந்த சமயம் அது. அக்கா அன்றைக்கு ஒரே ஒரு குரவைதான் பிடித்து வைத்திருந்தார். அதன் வயிற்றில் ஒரு தவளைக் கால் இருந்தது. என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.