அச்சிடலாமா என்று கேட்ட பெட்டி

கம்பெனி வேலையை விட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன விண்டோஸ் மென்பொருள்கள் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஓர் அரிசி ஆலை, ஒரு பல் டாக்டர், ஒரு கல்யாண மண்டபம் என்று மைசூருக்குள் எனக்கு நாலைந்து வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களில் யாரும் என்னை அழ வைத்ததில்லை. மேட்டகள்ளியில் இருந்த ஊதுபத்தித் தொழிற்சாலைதான் கிட்டத்தட்ட அந்த நிலைக்குக் கொண்டுபோனது.

அவர்களுக்கு நான் எழுதியது லேபிள் அடிக்கும் மென்பொருள். கிடங்கை ஒட்டிய அலுவலகத்தில் கணினி முன்னால் ஒரு பெண் இருப்பாள். எந்த வாசனை என்று தேர்ந்தெடுத்து, கார்ட்டன் எண்ணைப் போட்டு, அச்சு என்ற பொத்தானைச் சொடுக்குவாள். உடனே ஒரு குட்டிப் பெட்டி திரையில் வந்து கன்னடத்தில் "அச்சிடலாமா?" என்று கேட்கும். கீழே ஆம், இல்லை என்பதற்கு இரண்டு பொத்தான்கள்: ஹௌது, இல்லா. ஹௌது என்றால் பக்கத்து மெஷினிலிருந்து லேபிள் வரும். அவ்வளவுதான். கல்லூரிப் பிள்ளைகள் செய்கிற கணக்கு.

அந்தப் பெண்ணுக்கு ஹனூர்ப் பக்கம். எனக்குக் கொள்ளேகால். இரண்டும் தமிழ் புழங்கும் எல்லையோர ஊர்கள். முதல் நாளே என் தமிழைக் கேட்டதும் "மேடம்" போய் "அக்கா" ஆகிவிட்டேன். மென்பொருள் கொடுத்த சில வாரங்களில் அவள் ஒரே ஒரு குறை சொன்னாள்.

"அக்கா, அந்தக் கேள்விப் பொட்டி நட்ட நடுவுல வந்து நிக்குதுங். கார்ட்டன் நம்பரு தெரியறதில்ல. கொஞ்சம் ஓரமாப் போகச் சொல்லுங்."

நியாயமான கோரிக்கை. திரையின் வலது ஓரத்தில் பெட்டி திறக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அவளுக்குச் சந்தோஷம். பல மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் காலை, அடுப்பில் அக்கி ரொட்டி தீய்ந்துகொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன்.

"அக்கா, சாஃப்ட்வேர் செத்துப்போச்சுங்."

"என்ன ஆச்சு?"

"அச்சுன்னு அமுக்கறன். அப்படியே நிக்குது. எங்க அமுக்குனாலும் அசைய மாட்டேங்குது. பொட்டி வரலீங்."

மென்பொருள் எழுதுகிறவரின் மனசில் இதற்கெல்லாம் ஒரு தயார்ப் பதில் இருக்கும். கணினியை அணைத்துப் போடு என்றேன். அணைத்துப் போட்டாள். மறுபடி நின்றது. பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிச் செருகு என்றேன். அதுவும் ஆயிற்று. பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

முதலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். கன்னடக்காரர், எல்லையோரத்துத் தொழிலாளர்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. அவருக்கு இரண்டு குணங்கள். ஒன்று, யாராவது எதையாவது ரிப்பேர் செய்கிறார்கள் என்றால் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். பம்பு மெக்கானிக் வந்தாலும் பார்ப்பார், நான் வந்தாலும் பார்ப்பார். இன்னொன்று, அறையை விட்டு வெளியே வரும்போது உள்ளே இருக்கிற எல்லாச் சுவிட்சுகளையும் வரிசையாக அணைத்துவிட்டுத்தான் வருவார். மின்சாரத்தை வீணாக்குகிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் அச்சுப் பொத்தானைச் சொடுக்கினேன். வலது ஓரத்தில் பெட்டி அழகாக வந்து நின்றது. ஹௌது. லேபிள் வந்தது. மறுபடி ஹௌது, மறுபடி லேபிள்.

"சரியாத்தானே இருக்கு?" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. "காலைல இருந்து நின்னுக்கிட்டிருந்துச்சுங். உங்களப் பாத்ததும் ஓடுது பாருங், களவாணி!"

"மேடம் கை பட்டாப் போதும்," என்றார் முதலாளி திருப்தியோடு.

நான் வீட்டுக்குத் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் போன் வந்துவிட்டது. மறுபடி நின்றுவிட்டதாம்.

இப்படியே தொடர்ந்தது. நான் போனால் ஓடும், திரும்பினால் நிற்கும். என் உடம்பெல்லாம் ஊதுபத்தி வாசனை ஏறி, எங்கள் வீட்டில் எல்லாக் கிழமையும் வெள்ளிக்கிழமை ஆனது. என் கணவர், "இன்னிக்கு மல்லிகையா சந்தனமா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறப்பார். தொழிற்சாலையில் என்னைப் பற்றி ஒரு நம்பிக்கையும் வளர்ந்துவிட்டது. ஒரு தடவை போனபோது என் விசிட்டிங் கார்டை மானிட்டரின் நெற்றியில் ஒட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு துளி குங்குமமும் இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கற மாதிரி இருக்கட்டும்னுதானுங்," என்றாள்.

பலன் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கும் ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு வைத்தியமும் நடந்துகொண்டிருந்தது. பேக்கிங் பிரிவில் ஆஜானுபாகுவாக ஓர் ஆள் இருந்தார். மென்பொருள் நின்றுவிட்டால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து கீபோர்டின் மேல் உள்ளங்கையை விரித்து ஓங்கி ஓர் அறை அறைவார். பாதி தடவை லேபிள் வந்துவிடுமாம். "அடிச்சாத்தான் கேக்குது," என்று அவர் என்னிடமே சொன்னார், ஏதோ என் பிள்ளையை நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்ட மாதிரி. நான் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அந்த அறை விழும்போது எந்த விசை அமுங்குகிறது, அதனால் ஏன் லேபிள் வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பாதிப் பெட்ரோல் மிச்சமாகியிருக்கும். யோசிக்கவில்லை. அது எனக்கு மூடநம்பிக்கையாகத்தான் பட்டது.

நான் என் வழியில் தேடினேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் இடையில் புகுந்து கெடுக்கிறதா என்று அதை நிறுத்திப் பார்த்தேன். பிரிண்டருக்கான டிரைவரைப் புதிதாகப் போட்டேன். கேள்விப் பெட்டிகள் சில சமயம் பெரிய ஜன்னலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். விண்டோஸில் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. அதனால் எது திறந்திருந்தாலும் இந்தப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலேதான் வரவேண்டும் என்று கண்டிப்பாக எழுதிப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வியையும் கேட்டேன்.

"புதுசா ஏதாவது மாத்துனீங்களா?"

"ஒண்ணுமில்லீங்."

"கம்ப்யூட்டர்ல எதையாவது சேத்தீங்களா?"

"சும்னே தொடக்கூட மாட்டோமுங்."

முதலாளியும் அதையேதான் சொன்னார். இருவரும் சொன்னது சத்தியம் என்றுதான் இருவரும் நம்பினார்கள்.

கடைசியில் மென்பொருள் ஒவ்வொரு கட்டத்திலும் தான் என்ன செய்கிறது என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி செய்தேன். வீட்டிலிருந்தபடியே அவள் திரையை என் மடிக்கணினியில் பார்க்கவும் ஏற்பாடு செய்துகொண்டேன். மறுநாள் காலை அது நின்றதும் அவள் போன் செய்தாள். நான் இங்கிருந்தே பார்த்தேன். உண்மைதான். அச்சுப் பொத்தான் அமுங்கியபடி நிற்கிறது. பெட்டியைக் காணோம். கோப்பைத் திறந்தேன். கடைசி வரியில், "கேள்வி காட்டப்பட்டது. பதிலுக்காகக் காத்திருக்கிறேன்," என்று எழுதியிருந்தது.

"இதோ பாரு, உன்கிட்ட கேட்டிருக்குன்னு எழுதி வச்சிருக்கு," என்றேன்.

"என்னையக் கேக்கலீங்."

"கேட்டுட்டு, நீ பதில் சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருக்காம்."

"கேட்டிருந்தாச் சொல்லியிருக்க மாட்டனா? நான் என்ன வேணும்னா வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கறன்?"

"அது பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் பொய் சொல்றனாக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் வந்தது. மென்பொருளின் தாயாக நான் அதற்குப் பரிந்து பேச, அது மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி நீண்டது. கடைசியில் அவள், "கேட்டுச்சாம், கேட்டுச்சாம்! யாரைக் கேட்டுச்சாம்னு அதுகிட்டயே கேளுங்," என்று போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மடிக்கணினியில் அதே மென்பொருள் ஒரு தடவைகூட நின்றதில்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. அச்சு, கேள்வி, ஹௌது. அச்சு, கேள்வி, ஹௌது. நல்ல பிள்ளை.

அடுத்த வாரம் முதலாளியே கூப்பிட்டார். தொழிற்சாலை முற்றத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது, நடக்க முடியவில்லை, மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டும், வரமுடியுமா என்றார். குரலில் பழைய உற்சாகம் இல்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் அறைக்குள் அன்றுதான் முதல் தடவையாக நுழைந்தேன். கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க. கால் இப்படி ஆயித்து. எழுந்திருக்க முடியலை, தப்பா நினைக்காதீங்க."

விசாரித்தேன். காபி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "நின்னுபோச்சுங்! மறுபடி நின்னுபோச்சு!"

நான் பாதிக் காபியோடு எழுந்தேன். இப்போது நான் இருக்கும்போதே நிற்கிறது! மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இருங்க இருங்க, அது ஓடிப் போகாது. காபி குடிங்க," என்றார் அவர். டிவியில் ஓவர் முடிந்து விளம்பரம் வந்தது. அவருக்கு விளம்பரம் பிடிக்காது. ரிமோட்டை எடுத்து ஏதோ பொத்தானை அழுத்தினார். கிரிக்கெட் மறைந்தது. நீலமாக ஒரு திரை வந்தது. அந்த நீலத்தின் வலது ஓரத்தில், ஒரு தட்டு அகலத்துக்கு, என் பெட்டி நின்றுகொண்டிருந்தது.

அச்சிடலாமா? ஹௌது. இல்லா.

காபியைக் கீழே வைத்தேன். "இது... இது எப்படி இங்க?"

"இதா? இது அப்பப்ப வரும்மா," என்றார் நிதானமாக. "சும்னே ஏதோ கேட்டுக்கிட்டே இருக்கும். கேபிள்காரன் ஏதோ போடறான்னு நான் மாத்திடுவேன்."

"சார், இந்த டிவி எப்ப வாங்கினீங்க?"

"ஆயித்தே, கொஞ்ச மாசம். வெளியே லேபிள் அடிக்கறதை இங்கிருந்தே பார்க்கலாம்னு கடைக்காரப் பையன்கிட்டச் சொல்லி, சுவத்துல ஓட்டை போட்டு, அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு ஒயர் இழுத்தேன். ஆனா வெறும் நீலம்தான் தெரியுது. சரி, கிரிக்கெட்டாவது பார்ப்போம்னு விட்டுட்டேன்."

"புதுசா எதுவும் சேக்கலைன்னு சொன்னீங்களே!"

"கம்ப்யூட்டர்லதானே கேட்டீங்க? இது டிவிம்மா."

கடைப் பையன் டிவியை இரண்டாவது திரையாக இணைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டும் ஒட்டிக்கொண்ட ஒரே நீளத் திரை என்று விண்டோஸ் எடுத்துக்கொண்டது. திரையின் வலது ஓரம் எது என்று என் மென்பொருள் கேட்க, விண்டோஸ் முதலாளி அறையைக் காட்டியது. பெட்டி சமர்த்தாகச் சுவரைத் தாண்டி அங்கே போய், கிரிக்கெட்டுக்குப் பின்னால் நின்று, பதிலுக்குக் காத்திருந்தது. அவர் வெளியே வரும்போதெல்லாம் சுவிட்சை அணைப்பார். டிவி இல்லையென்றால் ஒரே திரைதான். பெட்டி அவளிடமே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே வா என்று நான் கண்டிப்பாகச் சொன்னதையும் அது மீறவில்லை. டிவியில் மேலேதான் நின்றது. பேக்கிங் ஆளின் அறையில் எண்டர் விசை அமுங்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிக்கு ஹௌது என்று பதில் போயிருக்கிறது. என் மடிக்கணினிக்கு ஒரே திரை. அவள் கணினியை நான் வீட்டிலிருந்து பார்த்தபோதும் முதல் திரை மட்டுமே தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் டிவியைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்ம பொட்டிங்களா அது?"

"ஆமா. இங்க வந்து அவரைக் கேட்டுக்கிட்டிருந்திருக்கு."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முதலாளியிடம், "ஏனுங் சார், நீங்களாவது ஒரு ஹௌது சொல்லக் கூடாதுங்களா?" என்றாள். முதலாளி சிரிக்கத் தொடங்கினார். கால் வலித்ததால் ஐயோ ஐயோ என்றபடியே சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

திருத்தம் ஒரே ஒரு வரி. முழு நீளத்தின் ஓரம் வேண்டாம், மென்பொருள் இருக்கிற திரையின் ஓரம் போதும் என்று மாற்ற வேண்டும். வெளியே போய் உட்கார்ந்து மாற்றினேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அவள் திரையில் வந்தது. அவள் ஹௌது என்று சொடுக்கினாள், லேபிள் வந்தது. பேக்கிங் ஆள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், தனக்கு வேலை இல்லை என்ற கொஞ்சம் வருத்தத்தோடு.

விடைபெறப் போனேன். முதலாளி முகத்தில் வேறு ஏதோ யோசனை ஓடியது.

"மேடம், ஒரு விஷயம். இந்தக் கம்பெனியில பர்மிஷன் கொடுக்கறது யாரு?"

"நீங்கதான் சார்."

"நோடி, பாருங்க, அந்தப் பெட்டி சரியான ஆளைத்தான் கேட்டிருக்கு. எனக்கும் ஒண்ணு வரட்டும். நான் ஹௌதுன்னு சொன்ன அப்புறம்தான் லேபிள் வரணும்."

வேண்டாம் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் அறைக்கு ஒரு மவுஸ் வாங்கி வைத்து, கேள்வி அவரிடமே போகும்படியும், அப்போது ஒரு மணி ஒலிக்கும்படியும் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்தேன். காலை நீட்டியபடி ஒவ்வொரு கார்ட்டனுக்கும் அவர் அனுமதி வழங்கினார். முதல் இரண்டு நாள், "மல்லிகை அதிகமா போகுதே?" என்று உள்ளிருந்தே விசாரணையும் நடந்ததாம். அந்தப் பெண் லேபிளுக்காகக் காத்திருந்தே ஒரு ஸ்வெட்டரில் பாதி பின்னிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் பிற்பகல் அவரே போன் செய்தார். பின்னணியில் டிவியிலிருந்து மைதானக் கூட்டத்தின் இரைச்சல்.

"மேடம், அந்தப் பெட்டியை எடுத்துடுங்க."

"ஏன் சார்? நல்லாத்தானே போய்க்கிட்டிருக்கு?"

"கடைசி ஓவரும்மா! பந்து போடறான், இது சந்தனம் அடிக்கலாமான்னு கேக்குது. ஹௌதுன்னு சொல்லிட்டு திரும்ப மாத்தினா, மேட்ச் முடிஞ்சே போச்சு. யார் ஜெயிச்சாங்கன்னு அவளைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

வீட்டிலிருந்தே மாற்றிவிட்டேன். சிறிது நேரத்தில் அந்தப் பெண் கூப்பிட்டாள். அன்றைய லேபிள் எல்லாம் முடிந்துவிட்டதாம். வெளிச்சம் இருக்கும்போதே பஸ் பிடிக்கிறாளாம்.

"நாளைக்கு ஏதாவது நின்னா கூப்பிடட்டுங்களாக்கா?"

"கூப்பிடு," என்றேன். "ஆனா முதல்ல எல்லா ரூமுக்கும் போய்ப் பாத்துட்டுக் கூப்பிடு."