இரண்டு விரல் அதிகம்

இடது கை நீலத் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை டேப்பை விரித்து, தோளிலிருந்து கீழே வந்து ஒரு புள்ளி வைத்தது. அதோடு நிற்கவில்லை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து அந்தப் புள்ளிக்குக் கீழே படுத்தன. அவற்றுக்கும் கீழே இன்னொரு புள்ளி விழுந்தது. கோடு அந்த இரண்டாவது புள்ளியில்தான் போடப்பட்டது, கத்தரிக்கோல் அந்தக் கோட்டில்தான் ஓடியது. முதல் புள்ளியைக் கை தட்டித் துடைத்துவிட்டது, அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல.

பதினெட்டு வருடமாக அந்தத் தையல் கடை அந்த இரண்டு விரலில்தான் நடக்கிறது. ஊரில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர். பாதிப் பேர் அதை மரியாதையாகச் சொல்கிறார்கள். மீதிப் பேர் அவரிடம் சட்டை தைத்தவர்கள்.

இன்றைய உடம்புக்குத் தைப்பது கேவலம் என்பது அவருடைய கொள்கை. "நாளைக்கு வர்ற உடம்புக்குத் தைக்கணும். இன்னைக்கு இருக்கிற உடம்புக்குத் துணி எதுக்கு, பெயின்ட் அடிச்சாப் போதாதா?" என்பார். பள்ளிக்கூடம் திறக்கும்போது அந்தத் தெருவில் சட்டைகள் மட்டும்தான் நடந்து போகும். உள்ளே பிள்ளைகள் இருப்பது குரல் கேட்டால்தான் தெரியும். வருடம் முடியும் மாதத்தில் எல்லாச் சட்டையும் கச்சிதமாக இருக்கும். அதற்குள் முழங்கை கிழிந்திருக்கும்.

ஒருமுறை, கல்யாணத்துக்குக் கோட்டும் பேன்ட்டும் தைக்க வந்த வங்கிக் குமாஸ்தாவுக்கு இடுப்பில் நாலு அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தார். அந்த ஆள் பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே மாலை மாற்றினார் என்று கேள்வி. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து அதே பேன்ட்டில், பெல்ட் இல்லாமல், கடைக்கு வந்து நின்றார். உலகம் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் அளவுக்காரர் பதிலுக்குச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அளவு நோட்டு ஒன்று உண்டு. அதில் விரல் சேர்த்த கணக்குதான் ஏறும். நிஜ உடம்பின் அளவு எந்தப் பக்கத்திலும் இல்லை. "அதை எழுதிவைக்க இது என்ன ஆஸ்பத்திரியா?"

இப்போது மேசையில் இருந்த நீலத் துணி அவருடைய மகளுக்கு. ஏழு வயது. வயதுக்குக் கொஞ்சம் குள்ளம் என்பதால் வீட்டில் அவளை முக்கால் என்று கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தீம் பார்க் போவதற்கான கவுன் அது.

போன கோடை விடுமுறையிலும் போனார்கள். அங்கே தலைகீழ் ரயில் என்று ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒட்டுப்பலகையில் வெட்டிய ஒரு கரடி, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். தரையிலிருந்து அந்தக் கை நூற்று இருபது சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருப்பவர்கள் ஏறக்கூடாது. முக்கால் அந்தக் கைக்கு அடியில் குனியாமல், தாராளமாக நடந்து மறுபக்கம் போனாள். வாசல்காரர், "அடுத்த வருஷம் வா கண்ணு," என்றார். அண்ணன் மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கை ஆட்டினான். அவள் கீழே கோப்பை ராட்டினத்தில் உட்கார்ந்து சுற்றினாள். அன்றிலிருந்து அவள் வேறு எதுவும் கேட்டதில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால், "அளந்து பாருங்க," என்பாள்.

பிறந்தநாள் அன்று அளவுக்காரர் அளந்தார். நோட்டில் நாற்பத்தேழரை அங்குலம் என்று ஏறியது. கரடியின் கை நாற்பத்தேழே கால்.

"கால் அங்குலம் மிச்சம்," என்றார். "இனி கரடி உனக்குச் சலாம் போடும்."

அந்தக் கால் அங்குலத்தின் மேல்தான் மொத்தப் பயணமும் கட்டப்பட்டது. டிக்கெட் எடுத்தாயிற்று. திட்டமும் போட்டாயிற்று. திட்டம் என்றால் மற்றவர்கள் காகிதத்தில் எழுதுவார்கள். அளவுக்காரர் பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளில் பார்க்கின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, ஒவ்வொருவர் போகும் வழியையும் மெஷினில் தைத்தார். பென்சில் அழிந்துவிடும், தையல் நிற்கும் என்பது காரணம். மகனுக்குச் சிவப்பு நூல். மகளுக்கு நீலம், நேராகக் கரடிக்கு. பள்ளி வேன் ஓட்டும் மைத்துனனுக்குப் பச்சை. மனைவிக்கு வெள்ளை, அது உணவுப் பையிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும் தண்ணீர்க் குழாயிலிருந்து உணவுப் பைக்குமாக ஓடியது. அவருக்குக் கறுப்பு. வாசலில் புறப்பட்ட கறுப்பு நூல் முதல் நிழலிலேயே ஒரு பெஞ்சில் முடிச்சுப் போட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் 'பைகளைப் பார்த்துக்கொள்வது' என்று எழுதியிருந்தது.

மைத்துனன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"மாமா, இது பிளானா, கிழிஞ்ச போர்வையா?"

"உனக்குப் புரியாது மாப்ள. நீ ஸ்டியரிங்கப் பிடி."

"அதில்ல. முக்கால் உயரம் கரெக்டா பாத்தீங்களா? நீங்க அளந்த பசங்களத்தான் தினம் வேன்ல ஏத்துறேன். ஒரு சட்டைக்குள்ள ரெண்டு பேர ஒளிச்சு வச்சு டிக்கெட் மிச்சம் பிடிக்கலாம்."

"என் டேப் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

"டேப்ப யாரு சொன்னா?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வியாழக்கிழமையோடு அந்த வருடப் பள்ளி முடிந்தது. முக்கால் மதிப்பெண் அட்டையோடு கடைக்குள் வந்தாள். மதிப்பெண் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தைக் காட்டினாள். விளையாட்டு ஆசிரியர் எழுதியது: உயரம் 117 செ.மீ.

"அப்பா, உங்க நோட்டு தப்பு."

அளவுக்காரர் அட்டையைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக் குச்சி வளைஞ்சிருக்கும். மழைல நனைஞ்ச குச்சி."

"இரும்புக் குச்சி."

"துருப்பிடிச்சிருக்கும்."

"அப்ப நீங்க அளங்க. இப்பவே."

கடையின் நிலைக்கதவில் முதுகை ஒட்டி நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குதிகாலைத் தூக்கவில்லை. கண்களை நேராக வைத்துக்கொண்டாள். போன வருடம் கரடி முன் நின்றதுபோலவே நின்றாள். அளவுக்காரர் குனிந்து டேப்பைத் தரையில் மிதித்துக்கொண்டு, மேலே இழுத்து, அவள் உச்சந்தலையில் ஒரு கோடு போட்டார். பிறகு கை தானாகப் போயிற்று. இரண்டு விரல் கோட்டின் மேல் படுத்தது. அதற்கும் மேலே இன்னொரு கோடு விழுந்தது.

"நாப்பத்தேழரை," என்றார். "பாத்தியா?"

முக்கால் கதவிலிருந்து விலகித் திரும்பினாள். இரண்டு கோட்டையும் பார்த்தாள். தன் இரண்டு விரலை நடுவில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அது மூன்று விரல் இருந்தது.

"இது யாரோட விரல்?"

அளவுக்காரர் வாயைத் திறந்தார். பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பெரியவர்கள் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அவர் தன் கையைப் பார்த்தார், யாரோ வாடிக்கையாளர் கடையில் மறந்து விட்டுப்போன கையைப்போல.

"அது... வளர்ற பிள்ளைக்கு விடறதும்மா."

"கரடிக்குத் தெரியுமா அது?"

அளவுக்காரர் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருக்கலாம். செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

செய்தி மைத்துனனுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வந்தவன் சிரித்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆனது.

"சரி மாமா, விடுங்க. மூணு சென்டிமீட்டர் ஒரு விஷயமா? கோட்டுக்குள்ள வைக்கிற தோள் பஞ்சு இருக்குல்ல, ரெண்டு எடுத்து ஷூவுக்குள்ள திணிங்க. கொண்டையையும் தூக்கிக் கட்டிட்டா கரடி கும்பிடும்."

அளவுக்காரரின் கை அலமாரிக்குப் போனது. தோள் பஞ்சு இரண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அழுத்திப் பார்த்தது. நோட்டில் எழுதிய நாற்பத்தேழரையை நிஜமாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. மகளின் ஆசையும் நடக்கும், அளவுக்காரர் என்ற பெயரும் நிற்கும்.

"அந்த ரயில்ல தோளுக்கு மேல ஒரு கம்பி வந்து இறங்கும்," என்றாள் மனைவி. மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "அது யாரு அளவுக்குப் பண்ணது?"

பட்டனில் இன்னொரு தையல் போட்டுவிட்டு அவளே சொன்னாள்.

"நூத்தி இருபதுக்குப் பண்ணது. உங்ககிட்டத் தச்ச சட்டை மாதிரி அந்தக் கம்பி அவளுக்கு லூசா இருக்கும். சட்டை லூசா இருந்தா மடிச்சு விட்டுக்கலாம். தலைகீழா தொங்கறப்ப எத மடிக்கிறது?"

மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான். அளவுக்காரர் தோள் பஞ்சைப் பார்த்துக்கொண்டே, "ஊர்ப் பசங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்லையே," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

"எப்படிச் சொல்லுவாங்க? நீங்க சாப்பிடப் போனதும் அவங்க அம்மாங்க வருவாங்க. 'அக்கா, கையக் கொஞ்சம் உள்ள மடிச்சுக் குடுங்க'ன்னு. பதினெட்டு வருஷமா நீங்க விடறத நான் மடிச்சுக்கிட்டிருக்கேன்."

"அந்த வங்கிக்காரர்?"

"அவருக்கு மட்டும்தான் மடிக்கல. கல்யாண சீசன் வேலைல மறந்துட்டேன்."

மைத்துனன் வேனைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனான். வேன் சுத்தமாகத்தான் இருந்தது.

அளவுக்காரர் தோள் பஞ்சை அலமாரியில் வைத்தார். வீட்டுக்குப் போய் மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தத் தடவையும் ஏற முடியாதும்மா. குச்சி மேல தப்பில்ல. என் மேலதான்."

முக்கால் இதைக் கேட்டு முடித்துவிட்டு, திட்டத்தைக் கொண்டுவரச் சொன்னாள். பழுப்புத் தாள் வந்தது. கூடவே தையல் பிரிக்கும் ஊசியையும் கேட்டாள். கரடிவரை போயிருந்த நீல நூலை அவளே பிரித்தாள். கண் வைத்து, ஒவ்வொரு தையலாக, தாள் கிழியாமல். அந்த நிதானத்தில் யார் மகள் என்பது தெரிந்தது.

பிறகு நிபந்தனைகள் வந்தன. அம்மாவின் வெள்ளை நூல் பெஞ்சுக்குப் போக வேண்டும், பைகள் இல்லாமல். பைகள் மாமாவுக்கு. பின்னாலேயே வந்திருந்த மைத்துனன் பச்சை நூலைப் பார்த்து, "நான் என்னடா பண்ணேன்?" என்றான். "கொண்டைன்னு சொன்னீங்களாம்," என்றாள். அப்பாவின் கறுப்பு நூல் நிழலை விட்டுக் கிளம்பிக் கோப்பை ராட்டினத்துக்கு வர வேண்டும்.

"எனக்குத் தலை சுத்தும்மா."

"ஏழு தடவை. சேர்த்து எழுதக் கூடாது. நான் எண்ணுவேன்."

கடைசி நிபந்தனை கவுனுக்கு. "எனக்குச் சரியா இருக்கணும். இன்னைக்கு. இதுவரைக்கும் ஒண்ணுகூட இருந்ததில்ல."

சனிக்கிழமை அளவுக்காரர் கடையைப் பாதி மூடிக்கொண்டு தைத்தார். ஏற்கெனவே வெட்டிய துணி. தோளைப் பிரித்து உள்ளே இழுத்தார். பக்கங்களைப் பிடித்துத் தைத்தார். நிலைக்கதவில் இருந்த கீழ்க் கோட்டைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புள்ளி வைக்கும்போதெல்லாம் இரண்டு விரல் தாமாக நீண்டன. இடது கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு அதே கையாலேயே கோடு போட முயன்றதை மனைவி பார்த்தாள். எழுந்து போய் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கீழ் ஓரம் வந்தபோது அவர் மிச்சத்தை வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், கீழே வைத்துவிட்டு ஓரத்தை மடித்துத் தைத்தார்.

சாயங்காலம் முக்கால் கடைக்கு வந்தாள். அளவுக்காரர் கவுனை உதறி, நூல் துண்டுகளைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் உடனே போட்டுப் பார்க்கவில்லை. கீழ் ஓரத்தைப் புரட்டினாள். மடிப்பு வழக்கத்தைவிட அகலமாக இருந்தது. விரலை உள்ளே விட்டு அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்குள்ள இருக்கு, ரெண்டு விரல்."

அளவுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பட்டன் டப்பாவில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அது உனக்கில்லம்மா," என்றார். "அடுத்த வருஷம் கரடிக்கு."

முக்கால் மடிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். தையல் நின்றது. கவுனை வாங்கிக்கொண்டாள்.