பத்துக் காம்பராவும் ஒரு கம்பியில்லாத் தந்தியும்

அண்ணன் அண்ணியை அடிக்க ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வழக்கம். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. வரிசையாய் ஒட்டிய பத்துச் சின்ன வீடுகள்; அந்தப் பத்துக் காம்பராவுக்கும் ஒரே தகரக் கூரை. இடையில் இருக்கும் சுவர்கள் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டுமல்லவா? அதற்குத்தான் டிவி. அண்ணனுடையது முதல் காம்பரா, எங்களுடையது இரண்டாவது. அதனால் சத்தம் முதலில் எங்கள் வீட்டில்தான் ஏறும். பிறகு மூன்றாவது, நான்காவது என்று பத்தாவது வரை போகும். எங்கள் வீட்டு ரிமோட் அம்மாவின் கையில் இருக்கும்.

அண்ணன் தோட்டத்தின் சங்கத் தலைவர். ஈ.பி.எஃப். பாரம் நிரப்ப, பிறப்புச் சான்றிதழ் எடுக்க, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கோடு சண்டை போட, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் தோட்டத் துரையை எதிர்த்து நிற்க எல்லோருக்கும் அவன் வேண்டும். வெளியே தங்கமான மனுசன். வீட்டுக்குள் அவன் அண்ணியின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதும்போது எங்கள் பக்கம் தொங்கும் காலண்டர் ஆடும். காலண்டர் எத்தனை தரம் ஆடியது என்பதை வைத்தே மறுநாள் அண்ணி கொழுந்து பறிக்கப் போவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பஸ் கண்டக்டர், அதிபர், கோட்டக் கல்வி அதிகாரி என்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. அந்த ஒரு சுவருக்கு முன்னால் மட்டும் நான் பதினோரு வருசம் ஊமை. அவர்களுக்குக் கலியாணமான முதல் வருசம் ஒரு தடவை போய்க் கதவைத் தட்டினேன். மறுநாள் அண்ணி பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தபோது கை வீங்கியிருந்தது. "நீ வந்ததுக்கும் சேத்து வாங்குனேன் டீச்சர். இனிமே வராத" என்றாள். கூப்பிட்டுச் சொன்ன பிறகு எப்படிப் போவது என்று நானும் வசதியாக இருந்துவிட்டேன். வசதியாக என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு உலகத்தின் முதல் கம்பியில்லாத் தந்தியைச் செய்து காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் பெரிய தீப்பொறி, மறுபக்கம் ஒரு மணி, நடுவில் கம்பி எதுவும் கிடையாது. நூறு வருசத்துக்கு முன்னால் கப்பல்கள் பேசிக்கொண்டது இப்படித்தான். ஹட்டனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் பழைய பெட்ரோல் வேனில் கழற்றிய இக்னிஷன் காயில் ஒன்றும் பேட்டரி ஒன்றும் கேட்டேன். "என்ன டீச்சர், வேனு வாங்கிட்டீங்களா?" என்றார். "இல்ல நானா, மின்னல் செய்யப் போறேன்" என்றேன். மனுசன் காயிலை எடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

அலுமாரியில் கழன்று கிடந்த இரண்டு பித்தளைக் குமிழ்கள் பொறிக்கு. டின்மீன் தகரத்தை வளைத்து ஆணியில் அடித்தது அழுத்துகிற சாவிக்கு. வாசலில் நிற்கும் டர்பன்டைன் மரத்தின் மேல்வரை ஒரு செப்புக் கம்பி, பீலியின் இரும்புக் குழாய்க்கு இன்னொன்று. முதல் தடவை சாவியை அழுத்தியபோது குமிழ்களுக்கு நடுவே நீலமாக ஒரு கோடு சடசடவென்று வெடித்தது. பிடித்த இடம் சரியில்லை. என் கை தோள்பட்டை வரை உதறி, முதுகு போய்ச் சுவரில் மோதியது. அம்மா அலறினாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

வாங்கும் பக்கம்தான் கஷ்டம். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத் துகள் போட வேண்டும். எங்கேயாவது பொறி வெடித்தால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடும், மணி அடிக்கும். இரும்புத் துகள் மட்டும் போட்டேன், அடிக்கவில்லை. கொஞ்சம் வெள்ளி வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கு மேலே போய்விட்டது. சிறிது நேரத்தில் அண்ணி அறுந்துபோன கொலுசு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது எப்படி அறுந்தது என்று இருவருக்கும் தெரியும். கால் கொலுசைப் பிடித்து அவன் வாசல்வரை இழுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஏதோ பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் அரத்தை எடுத்து அந்தக் கொலுசை ராவினேன்.

வாங்கும் கருவியை அண்ணி வீட்டு மேசையில் வைத்தோம். கம்பி இல்லாமல் சுவரைத் தாண்டுகிறது என்று காட்டத்தானே இவ்வளவும். நான் இங்கே அழுத்த, அங்கே மணி கிணுகிணுத்தது. மணியின் சுத்தியல் திரும்பும்போது குழாயையும் ஒரு தட்டுத் தட்டும். அப்போதுதான் துகள்கள் உதிர்ந்து, அடுத்த தடவைக்குத் தயாராகும். அதை விளக்கிச் சொன்னேன். "அடி வாங்குனாத்தான் வேல செய்யுமா? அப்போ இது நம்ம சாதி" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் யாராவது லைட் சுவிச்சைத் தட்டினால்கூட அந்தச் சின்னப் பொறிக்கு மணி அடித்தது. அது அவளுக்கு இன்னும் பெரிய வேடிக்கை. நாலு நாள் சும்மா சும்மா சுவிச்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

என் பொறி வெடித்தால் லயத்தில் எல்லா ரேடியோவும் கரகரக்கும், டிவியில் படம் கிழியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மட்டும் என்று எல்லோரிடமும் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். அந்த ஞாயிறு பனி இறங்கி, பகலிலேயே இருட்டிக் கிடந்தது. மணி மூன்றரை. என் வேலை முடிந்து சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹட்டனில் கூட்டம் என்று போன அண்ணன் குடித்துவிட்டு வந்து, கதவைத் திறந்து, சுவிச்சைத் தட்டினான். மணி அடித்தது. அண்ணி சிரித்துவிட்டாள்.

"யாரப் பாத்துடி சிரிக்கிற?"

முதல் அறை எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது கேட்கும் முன் அம்மா ரிமோட்டை எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு பழைய படத்தின் சண்டைக் காட்சி. சத்தம் ஏறியது. மூன்றாவது காம்பராவில் ஏறியது, நான்காவதில் ஏறியது. காலண்டர் ஆடியது. நின்றது. மறுபடியும் ஆடியது.

என் விரல் சாவியின் மேல் இருந்தது. ஏன் அழுத்தினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வீரமெல்லாம் இல்லை. போய்க் கதவைத் தட்டப் பயம். நான் இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரிகிறது என்று மட்டும் அவனுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அழுத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. அடி ஒரு நிமிசம் நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி அழுத்தினேன். "அடியே நிறுத்துடி! அவளக் கொன்னே போட்ருவான்!" என்று அம்மா ரிமோட்டாலேயே என் முதுகில் அடித்தாள். நான் கையை எடுக்கவில்லை. பொறி வெடித்துக்கொண்டே இருந்தது. பித்தளை கருகி, அறை முழுக்கப் புகைநாற்றம்.

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. "டீச்சர், மணி மூணு தாண்டிருச்சு! படம் பாக்க விடுங்க!" என்று ஒருவர் கத்தினார். "டிவி எரிஞ்சிரும், பிளக்கப் புடுங்கு!" என்று இன்னொருவர் கத்த, ஒவ்வொரு வீடாகப் பிளக்கைப் பிடுங்கினார்கள். எங்கள் வீட்டில் அம்மா பிடுங்கினாள். அப்போதுதான் நான் கையை எடுத்தேன்.

பத்துக் காம்பராவிலும் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியில் அண்ணியின் குரல் மட்டும் கேட்டது. கத்தக்கூட இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி மெதுவாகக் கெஞ்சினாள்: "கண்ணுல வேணாங்க. கண்ணுல மட்டும் வேணாங்க."

வாசலில் நின்ற இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். எதையும் கேட்கவில்லை என்று சொல்ல அன்றைக்கு ஒருவரிடமும் ஒரு சாக்கும் மிச்சமில்லை.

உள்ளே ஏதோ உடைந்தது. மணி ஒரு தடவை பாதியாக அடித்து நின்றது. பிறகு அண்ணி அலறினாள். மூன்றாவது காம்பரா அக்காதான் முதலில் போனாள். அவளுடைய ஈ.பி.எஃப். கடுதாசி அண்ணனிடம்தான் கிடந்தது. அதையும் பார்க்காமல் விறகுக் கோடாரியால் கதவின் தாழ்ப்பாளைப் பிளந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். அண்ணி தரையில் கிடந்தாள். அண்ணன் கையில் உடைந்த கண்ணாடிக் குழாய். அவள் கன்னம் காதுவரை கிழிந்து, ரத்தத்தில் வெள்ளித் துகள்கள் ஒட்டி மினுங்கின. கொலுசை ராவினவள் நான். குழாயை அங்கே வைத்தவளும் நான்தான்.

அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து அண்ணனை அடித்தேன். முதல் அடி தோளில். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. முதுகில், காலில், தடுக்க வந்த கையில் என்று அடித்தேன். லயத்துப் பொம்பளைகள் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தார்கள். பதினோரு வருசம் டிவி சத்தத்தைக் கூட்டியவர்கள் அத்தனை பேரும் அவன்மேல் விழுந்தோம். அவன் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்து, சொந்தத் தங்கச்சியை அடையாளம் தெரியாமல் "அக்கா, விட்ருங்கக்கா" என்று என்னையே கும்பிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது. அண்ணிதான் கிழிந்த கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு என் காலைக் கட்டினாள். "போதும் டீச்சர். செத்துருவாரு. அப்புறம் நீயும் அவரும் ஒண்ணாயிருவீங்க." அம்மா வாசற்படியில் ரிமோட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், பொலிஸ் வந்தது. அண்ணன் பீலிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார், அண்ணி தூக்கப் போய்க் கண்ணாடி குத்திவிட்டது என்று லயம் ஒரே வாயாகச் சொன்னது. சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார்கள். "அபி டீவி பலபலா ஹிட்டியே மாத்தயா" என்றாள் மூன்றாவது காம்பரா அக்கா. நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தோமாம். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. கண்காட்சிக்கு நான் போகவில்லை. கரி பிடித்த குமிழ்களும் காயிலும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

கன்னத்தில் ஒன்பது தையல். அண்ணி பொகவந்தலாவையில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். ஆறு வாரத்தில் திரும்பி வந்துவிட்டாள். அண்ணன் லயத்துக்கு முன்னால் சத்தியம் செய்து கூட்டிவந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பீலியில் அவளே வழிமறித்தாள். "அங்க ஒரே காம்பராவுல ஏழு பேரு. எங்க போய்ப் படுக்குறது டீச்சர்? நீ சொல்லு." விஞ்ஞானப் பாடத்தில் அதற்கு இடம் இல்லை.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம். எல்லா வீட்டிலும் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த காம்பராவில் அண்ணன் குரல் உயர்ந்தது. "எதுத்தா பேசுற?" ஒரு சட்டி போய்ச் சுவரில் பட்டது. காலண்டர் ஆடியது. நான் எழுந்துவிட்டேன். அம்மாவின் கை ரிமோட்டுக்குப் போனது. அந்தக் கையை அப்படியே முறித்துப் போடலாமா என்று இருந்தது எனக்கு.

அம்மா டிவியை அணைத்தாள்.

மூன்றாவது காம்பராவில் டிவி நின்றது. நான்காவதில் நின்றது. ஒவ்வொன்றாகப் பத்தாவது வரை நின்றது. நாங்கள் யாரும் வெளியே போகவில்லை. அவரவர் இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் ஏதோ சொல்ல வந்தவன் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டான். அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவனே குனிந்து சட்டியை எடுத்து அடுப்பில் வைத்த சத்தமும் கேட்டது.

அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளியைப் பார்த்துச் சொன்னாள்:

"கேக்குதுடா."