அப்பப்பாவின் முதலெழுத்து

2012 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. அப்பா வழக்கம்போல் ஆறரைக்கு எழும்பி, திருநீறு பூசி, கிளென் வேவர்லி ரயில் நிலையம்வரை நடந்துபோய்க் காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பத்திரிகையும் வாங்கி வந்தார். தேநீர் குடித்தபின் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அப்பா அராலியில் பிறந்தவர். தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். எண்பத்து மூன்றில் கொழும்பு வீடு எரிந்தபின் மெல்பேர்ணுக்கு வந்து, ஓய்வுபெறும்வரை டண்டினொங் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து எங்களைப் படிப்பித்தார். பொய் சொல்லமாட்டார். தன்னோடு கூடப் பிறந்தவர்களும் சொல்லமாட்டார்கள் என்று நம்பினார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அப்பப்பாவின் பெயர் சி. நாகமுத்து. அந்தச் 'சி' அப்பப்பாவின் தகப்பன் சின்னத்தம்பி என்றும், அவர் கப்பலில் சமையற்காரராக இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பவில்லை என்றும் சொல்லித்தான் அப்பாவை வளர்த்தார்கள். திவசத்தில் ஐயர் முன்னோர் பெயர் கேட்கும்போதெல்லாம் அப்பா சின்னத்தம்பி என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அவர் எங்கே இருந்தார், எங்கே செத்தார் என்பதை அறியாமல் இறைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

2009 இல் இங்கிலாந்தின் 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புத் தாள்கள் இணையத்தில் வந்தன. வெள்ளைக்காரன் காதில் சின்னத்தம்பி என்ற பெயர் எப்படியெல்லாம் விழுந்திருக்கும் என்று யோசித்து, எஸ்ஸில் தொடங்கியும் சீயில் தொடங்கியும் அப்பா மூன்று வருடம் தேடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, வருவார். பக்கத்தில் இருந்து தேநீர் குடித்தபடி கேட்பார்:

"என்ன அண்ணை, இண்டைக்காவது சின்னத்தம்பியார் ஆப்பிட்டாரோ?"

"கப்பலேறின மனுசன். ஆறுதலாத்தான் வருவார்," என்பார் அப்பா.

இருவரும் சிரிப்பார்கள். 

அப்பா இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபின், அவர் நினைவாக அச்சிடும் இந்த மலருக்கு எழுதிய வம்சாவளியைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அப்பா விட்ட இடத்திலிருந்து நான் தேடப்போவதாகச் சொன்னேன்.

"விடு மோனை. அந்தப் பேரில தேடினா ஆப்பிடாது. சின்னத்தம்பி எண்டது ஐயாவை வளர்த்த மாமன்ர பேர். ஐயான்ர தேப்பன் கதிரவேலு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அம்மா சாகேக்க சொன்னவ."

அப்பம்மா இறந்தது 1979 இல். கதிரவேலு அங்கே ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பமானார் என்று செய்தி வந்ததும், தாய்மாமன் ஆத்திரத்தில் தன் பெயரின் முதலெழுத்தையே பிள்ளைக்குக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாராம். தகப்பன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்றாராம். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணை தாங்கமாட்டார் என்று நினைத்தாராம். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மைக் காரணத்தைச் சொன்னார்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம். இதை அச்சடிச்சு ஆக்களின்ர கையில குடுக்கப் போறியே?"

நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளைக்காரிக்கு, மெல்பேர்ணில் இருந்துகொண்டு பயந்திருக்கிறார். அந்தப் பயத்துக்காகத் தன் அண்ணனைப் பிழையான பெயருக்கு எள்ளிறைக்க விட்டார்.

அன்று பின்னேரமே கதிரவேலு என்று தட்டினேன். மூன்றாவது எழுத்துக்கூட்டலில் தாள் வந்தது. கப்பற் சமையற்காரர். பிறந்த இடம் யாழ்ப்பாணம். மனைவி எலன். அந்தத் தாள்களை வீட்டுக்காரரே தம் கையால் நிரப்புவது அக்கால வழக்கம். பிள்ளைகள் என்ற இடத்தில் அவர் 'ஒரு மகன், இலங்கையில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்த இடம் எலனோடான கலியாணத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே என்பதால், யாரோ உத்தியோகத்தர் அதைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். வெட்டியும் வாசிக்க முடிந்தது. கைவிட்டுப் போன மனிதர்கூட மகனை மறைக்கவில்லை. அந்த வரியை அப்பா பார்த்திருக்கலாம். பார்க்க விடவில்லை.

அம்புலன்சுக்கு அழைத்த அயல்வீட்டாருக்கும், எட்டு நாளும் சோறு கறி கொண்டுவந்தோருக்கும், பெட்டி தாங்கிய நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவும் எல்லா நாளும் நின்று வேலை செய்தார். அதற்கும் நன்றி. அந்த மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்னிடம் மன்னிப்பு இல்லை.

தாள் கிடைத்த மறுநாட்காலை முதல் வேலையாக அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, வம்சாவளியை மாற்றச் சொன்னேன். தலையில் கதிரவேலு, எலன் பெயரையும் விடாமல். அதற்குப் பக்கத்தில் சின்னத்தம்பியவர்களின் பெயர், வளர்த்த தாய்மாமன் என்று.