மோட்டார் அறைச் சாவி

காலமெல்லாம் பேருந்தில் விசில் ஊதி ஊரையே அவசரப்படுத்தியவர் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, அவசரமும் போகவில்லை. உலையில் அரிசியைப் போட்ட கையோடு மூடியைத் திறந்து பார்க்கிற ஆள். மனைவிக்குக் காய்ச்சல் வந்தால், "இப்ப எப்படி இருக்கு?" என்று எழுப்பி எழுப்பிக் கேட்டே அவளைத் தூங்கவிடாதவர். அப்படிப்பட்டவர் விவசாயம் பார்க்கிறேன் என்று கிளம்பினால் அவள்தான் என்ன செய்வாள், பாவம்.

நிலம் அவளுடைய அப்பா கொடுத்தது. இத்தனை காலமும் அவள் தம்பிதான் பயிர் செய்து வந்தான்.

"ஒரு போகம் பாருங்க. வரலைன்னா மறுபடி தம்பிகிட்டயே விட்டுடணும். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றாள்.

கண்டக்டர் மக்காச்சோளம் ஊன்றினார். முதல் தண்ணீரே முளைக்கும்வரை தாங்கும், மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் லேசாக விடுங்கள் என்று விதைக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே. காலையில் மோட்டாரைப் போடுவார். சாயங்காலம் மனசு கேட்காமல் மறுபடி போடுவார். மேல்மண் சற்று வெளுத்தாலே விதை தாகத்தில் தவிப்பதாக அவருக்குப் படும். போதாக்குறைக்கு, முளைத்துவிட்டதா என்று விரலால் தோண்டிப் பார்த்து மூடுவார்.

ஒரு நாள் அப்படித் தோண்டியபோது விதை கொழகொழவென்று விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தார், அழுகல் வாடை. தண்ணீர் போதவில்லையோ என்று ஓடிப்போய் மறுபடி மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஒரு உறுமு உறுமி, புகை விட்டு நின்றது.

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிவிட்டதாம். சரிசெய்து கொண்டுவர ஒரு வாரம் ஆகும் என்று மெக்கானிக் மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போனார். இனி மைத்துனன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கண்டக்டர் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அதன் பிறகு வயல் பக்கமே போகவில்லை.

வாரக் கடைசியில் மனைவிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் வாங்க" என்றாள். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. பயந்துகொண்டே பின்னால் போனார். மண் பொலபொலவென்று இருந்தது. தாழ்வான மூலை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் பச்சைக் குருத்துகள், சுருட்டிய டிக்கெட் போல, வரிசை பிசகாமல் நின்றன.

கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கியதை மறைக்கக்கூட இல்லை.

"எப்படி வந்துச்சு?"

"நீங்க அதைச் சும்மா விட்டீங்க, வந்துச்சு" என்றாள். "தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நிலம் நம்மகிட்டயே இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வந்து மோட்டாரை மாட்டினார். "போட்டுப் பாக்கறீங்களா?" என்றார். கண்டக்டர் கிளம்பியே விட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் மனைவி மோட்டார் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே தண்ணி விடணும்னா என்னைக் கேளுங்க."

"சரி, கேக்கறேன்" என்றார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.